67 வயதில் 12 படுக்கைகள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



இந்த இதழுக்கு நம் பகுதியோடு தொடர்புள்ள ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாள். அந்த நாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாக அறிவித்திருக்கிறது. அவர் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அடையாறு காந்தி நகரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. அதன் இன்னொரு வளாகம் சர்தார் பட்டேல் சாலையில். அவர் தொடங்கிய அவ்வை இல்லம் பெசன்ட் அவென்யூவில். இந்த இடங்களை நாம் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம். கட்டிடம் தெரியும், பெயர் தெரியும், ஆனால் அந்த அம்மையாரின் கதை பாதிதான் தெரியும்.

சட்டசபைக்குப் போன முதல் பெண், தேவதாசி முறையை எதிர்த்தவர் என்பது பள்ளிப் புத்தகத்தில் வந்துவிட்டது. நான் சொல்ல வருவது இன்னொரு பாதியை. தீராத நோய் வந்தவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை 30 வருடத்துக்கு மேல் மனதில் சுமந்து, வங்கிக்காரர்களான நாங்களெல்லாம் ஓய்வு பெற்று வீட்டில் உட்காருகிற வயதைத் தாண்டிய பிறகு, அதற்கு ஒரு பதிலைக் கட்டி முடித்தார். நம் குடியிருப்பில் பாதிப் பேர் மூத்த குடிமக்கள். ஆகவே இந்தப் பாதி நமக்கு வேண்டியது என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காகத் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பருவம் வந்ததும் கல்யாணம் என்று இருந்த காலம். இந்தப் பெண் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கிற கல்லூரியில் பெண்ணா என்பது ஒன்று. தாயின் குலம் இன்னொன்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார்.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912ல் பரிசுகளோடும் பதக்கங்களோடும் பட்டம் பெற்றார். அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணி செய்த முதல் பெண் இவர்தான்.

1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் பொது வேலைகளில் குறுக்கிடக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார், சொன்னபடியே நடந்தும் கொண்டார். இவர்களுக்கு இரண்டு மகன்கள். இளையவர் கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயர் இந்தக் கதையில் திரும்ப வரும்.

நம் பகுதி வாசகர்களுக்கு ஒரு துணுக்கு. நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை. இன்னொன்று, இவருடைய தங்கை நல்லமுத்து, மெரினா எதிரே இருக்கும் ராணி மேரிக் கல்லூரியின் முதல்வராக வந்த முதல் இந்தியப் பெண். மூத்தவள் படித்தால் வீடே படிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தங்கையின் நோய்

முத்துலட்சுமிக்குச் சுந்தராம்பாள் என்று மற்றொரு தங்கை இருந்தார். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. 1923ல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்போது நமக்கு வயிற்றில் ஒரு சின்னத் தொந்தரவு என்றாலும் ஸ்கேன் எடுக்கிறோம், மறுநாள் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. உள்ளே வளர்கிற கட்டியை வெளியிலிருந்து கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். அதிலும் பெண்களுக்கு வருவதை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். மார்பில் கட்டி, கர்ப்பப்பையில் ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம் என்று இதையெல்லாம் கணவனிடம்கூடச் சொல்லக் கூச்சம். ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வார்கள்? புற்று என்று தெரிந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் பிரித்து, பின்கட்டில் ஒரு அறையில் கிடத்திவிடுவார்கள்.

இவரோ மருத்துவர். நோய் என்ன, அடுத்து என்ன ஆகும், வலி எப்படி ஏறும் என்று புத்தகத்தில் படித்தவர். ஆனாலும் கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. வீட்டில் நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த இடம் புரியும். டாக்டர்கள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் நோயாளி இருக்கிறார். அவருக்குப் பசிக்கிறது, வலிக்கிறது, துணி மாற்ற வேண்டியிருக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்கிறார். மருத்துவம் முடிந்ததாகச் சொல்லும் இடத்தில்தான் பராமரிப்பு என்கிற பெரிய வேலை ஆரம்பிக்கிறது. அந்த வேலைக்கு ஊரில் ஓர் இடமும் இல்லை என்பதை முத்துலட்சுமி தன் வீட்டிலேயே பார்த்தார். புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது விழுந்ததுதான்.

1925ல் அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறுவது நோக்கம். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் கவனித்துப் படித்தார். இந்த ஒரு நோய்க்காகவே கட்டப்பட்ட கட்டிடம், இதற்காகவே பழகிய டாக்டர்கள், நர்சுகள் என்று அங்கே கண்ணால் பார்த்ததைச் சென்னையிலும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார்.

நடுவில் வந்த வேலைகள்

திரும்பியவுடனே அவரைப் பொது வாழ்க்கை இழுத்துக்கொண்டது. 1917ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் முக்கியமானவர். 1926ன் முடிவில் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவர்தான். தேவதாசி ஒழிப்பு, குழந்தைத் திருமணத் தடை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பள்ளி மாணவிகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். 1930ல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது பதவியை விட்டு வெளியே வந்தார்.

அதே வருடம் அவ்வை இல்லம் பிறந்தது. தேவதாசி முறையை விட்டு வெளியே வர விரும்பிய சிறுமிகளுக்கு ஊரில் எந்த விடுதியும் இடம் தரவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வீடு இல்லமாயிற்று, இல்லம் பின்னர் அடையாறுக்கு வந்தது, இன்றும் நடக்கிறது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947ல் ஓமந்தூரார் காலத்தில் நிறைவேறியது. அவர் அதை அவையில் எழுப்பி ஏறக்குறைய 20 வருடம் கழித்து.

இதை நான் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவதற்குக் காரணம் உண்டு. இவற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இத்தனை வேலைக்கு நடுவிலும் அவர் பழைய கணக்கை மூடவில்லை என்பதை. எங்கள் வங்கியில் சில கணக்குகள் வருடக்கணக்காக அசையாமல் கிடக்கும். ஆனால் லெட்ஜரில் அந்தப் பக்கம் இருக்கும், பாக்கி ஒவ்வொரு வருடமும் முன்னுக்குக் கொண்டுபோகப்படும். தங்கையின் பெயரில் இருந்த அந்தப் பக்கம் அப்படித்தான் இருந்தது. 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், சென்னையில் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை அமைக்க வேண்டும் என்ற தன் ஆசையை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தங்கை இறந்து 12 வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது, சுதந்திரம் வந்தது.

யாருக்கும் வேண்டாத திட்டம்

1949ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 62, 63 இருக்கும்.

அரசாங்கத் தரப்பில் ஊக்கம் இல்லை. அவர்கள் சொன்ன காரணத்தை இன்று கேட்டால் கோபம் வரும், ஆனால் அன்றைய கணக்கில் அது புரியாமலும் இல்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம். காலரா, அம்மை, மலேரியா, காசநோய், பிரசவத்தில் சாவு என்று மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஊசி போட்டால் பிழைக்கக் கூடியவர்களுக்கே ஊசி வாங்கப் பணம் இல்லை. இந்த நிலைமையில், என்ன செய்தாலும் இறந்துபோகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டார்கள்.

வரவு செலவு மட்டும் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. போட்ட பணம் திரும்பி வராது என்று தெரிந்தால் எந்த மேனேஜரும் கடன் கொடுக்கமாட்டார். முத்துலட்சுமி அம்மையார் இதை வேறு விதமாகப் பார்த்தார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையாலும் ரேடியத்தாலும் பலரைப் பிழைக்க வைக்கலாம் என்பதை லண்டனிலேயே பார்த்துவிட்டார். பிழைக்க முடியாதவர்களுக்கும் வலியைக் குறைக்கலாம், புண்ணைச் சுத்தமாக வைத்திருக்கலாம், மனிதராக நடத்தலாம். அதற்கு ஓர் இடம் தேவை. ஒருவர் எத்தனை நாள் இருப்பார் என்பதை வைத்து அவரைப் பார்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது. இதுதான் அவருடைய நிலை.

ஆகவே மக்களிடம் போனார். சட்டசபையின் துணைத் தலைவராக உட்கார்ந்தவர், நிதி கேட்டுக் கையேந்தினார். வசூல் என்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் சங்கப் பொருளாளரைக் கேட்டால் சொல்வார். மாதப் பராமரிப்புத் தொகைக்கே மூன்று தடவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு என்ன வந்தது என்று எல்லோரும் நினைக்கிற ஒரு நோய்க்கு, பெயரைச் சொல்லவே பயப்படுகிற ஒரு நோய்க்கு, நன்கொடை கேட்பது எப்படி இருந்திருக்கும்!

1952 அக்டோபர் 10ஆம் தேதி பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி மருத்துவமனை திறக்கப்பட்டது. 12 படுக்கைகள். ஒரே ஒரு கட்டிடம், குறைந்த கருவிகள். அன்றைக்கு முத்துலட்சுமி அம்மையாருக்கு வயது 67. இன்னும் ஒன்றரை மாதத்தில் 68 ஆகிறது. தங்கை இறந்து 31 வருடம்.

பார்த்துக்கொள்ள வந்தவர்கள்

கட்டிடம் எழுப்பினால் மட்டும் மருத்துவமனை ஆகாது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்து அம்மாவின் வேலையில் சேர்ந்துகொண்டார். 1955 ஏப்ரலில் மயிலாப்பூரில் பிறந்த ஓர் இளம் டாக்டர் வந்தார். அவர் வி. சாந்தா. பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் நிரந்தர அரசுப் பணி அவர் கைக்கு வந்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த 12 படுக்கைக்கு வந்தார். வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தார்கள். பென்ஷன் உள்ள வேலையை விடுவது என்றால் என்ன என்று நம் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாந்தா அம்மா அந்த வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரியில் தம் 93ஆம் வயதில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

1957ல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி கனடாவிலிருந்து வந்தது. ஆழத்தில் இருக்கும் கட்டியைத் தோலை அதிகம் பொசுக்காமல் சுட முடிந்தது. 1956ல் அம்மையாருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. மாநிலச் சமூக நல வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்தார். 1968 ஜூலை 22ஆம் தேதி காலமானார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 முடிந்திருக்கும்.

12 படுக்கை பிறகு பல நூறாக வளர்ந்தது. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற அவருடைய கொள்கை அங்கே பெருமளவு காப்பாற்றப்பட்டு வருகிறது. வெளியூரிலிருந்து பையும் ஃபைலுமாக வருகிற முகங்களை நாம் மத்திய கைலாஷ் பக்கம் தினமும் பார்க்கிறோம். அவர்களில் பலர் முதியவர்கள். கூட வருகிறவர்களும் முதியவர்கள்தான்.

நம் வீட்டுக்குள்

இதை எழுதும்போது என் அம்மா ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்வதுதான் சரி என்று படுகிறது.

அம்மாவுக்கு 78 வயதில் பக்கவாதம் வந்தது. சர்க்கரை முன்பே இருந்தது. நான்கு வருடம் படுக்கை. நானும் மனைவியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். நன்றாகத்தான் பார்க்கிறோம் என்று எனக்கு நினைப்பு. மாத்திரைகளுக்கு நோட்டு, சுகருக்கு நோட்டு, செலவுக்கு நோட்டு என்று எல்லாம் வைத்திருந்தேன். பிறகு முடியாமல் போகவே ஓர் ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்தோம். வந்த முதல் நாள் அந்தப் பெண் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கன்றிப் புண்ணாகியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ தெரியாது. என் மூன்று நோட்டுகளிலும் அது இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், எலும்பு துருத்தும் இடங்களைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் அந்தப் பக்கம் சாய்க்கக் கூடாது, ஈரம் தங்கக் கூடாது, சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணியாவது அப்படியே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. எங்கே தவறினோம் என்று பல நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்பு இருந்தது, பழக்கம் இல்லை. அன்பு மட்டும் இருந்தால் புண் வராமல் இருக்காது.

வெட்கப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் தனித் தம்ளர் வைத்திருந்தோம். அம்மாவின் புண்ணைத் தொட்டு மருந்து போட்ட கைக்கு நாங்கள் வேறு தம்ளரில் காபி கொடுத்தோம். யாரும் யோசித்துச் செய்யவில்லை, அது அப்படியே நடந்தது. ஒரு வாரம் கழித்து என் மனைவிதான் அதை எடுத்து உள்ளே வைத்தாள். குலத்தைச் சொல்லிக் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண் கட்டிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, 100 வருடம் கழித்தும் நாம் இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது உள்ள வசதிகள்

அம்மையார் காலத்தில் இல்லாதவை இப்போது இருக்கின்றன. 1978ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு ஆரம்பித்தார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. 2024ல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டிருக்கிறது. நம் இடத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

ஆனால் தேவையும் வளர்ந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 13 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே 75 வயதுக்காரர் 72 வயதுக்காரரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு நம் மாடிப்படிகளிலேயே உதாரணம் எண்ணலாம்.

வீட்டுக்கு ஆள் வைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நர்ஸ் என்பவர் வேறு, உதவியாளர் என்பவர் வேறு. நர்ஸ் என்றால் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தவர். 1926லேயே சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஊசி போட, டியூப் மாற்ற, பெரிய புண்ணுக்குக் கட்டுப்போடப் பதிவு எண் உள்ளவர்தான் வேண்டும். குளிப்பாட்ட, ஊட்ட, பக்கம் மாற்ற, நடக்கப் பிடித்துக்கொள்ள நல்ல உதவியாளர் போதும். ஏஜென்சிகள் பெரும்பாலும் எல்லோரையும் நர்ஸ் என்றே சொல்லி அனுப்புவார்கள். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை. அதேபோல் வருகிறவருக்கு எத்தனை மணி நேர வேலை, எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை, வாரத்தில் என்று விடுப்பு என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். 24 மணி நேரமும் ஒரே ஆள் விழித்திருக்க முடியாது. தூங்காத ஆள் கையில் நோயாளியைக் கொடுப்பது நோயாளிக்குத்தான் ஆபத்து.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் படித்துவிட்டு ஆகா என்று சொல்லி மூடிவைப்பது எளிது. மருத்துவமனை கட்ட நம்மால் முடியாது. யாரும் நம்மை அப்படிக் கேட்கவும் இல்லை. ஆனால் 12 படுக்கையில் ஆரம்பித்தவரின் பேரைச் சொல்லி நாம் மூன்று சின்னக் காரியங்கள் செய்யலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன்.

முதலாவது, ஒரு பதிவேடு. நம் பரண்களில் சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி, காற்றுப் படுக்கை, தலைப்பக்கம் உயரும் கட்டில் எல்லாம் தூசி படிந்து கிடக்கின்றன. அம்மாவின் காற்றுப் படுக்கை எங்கள் பரணிலேயே ஆறு வருடமாக இருக்கிறது. யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தால் தேவைப்படுபவர் வாங்கிப் பயன்படுத்தித் திருப்பித் தரலாம். கணக்கை நான் எழுதுகிறேன். 34 வருடம் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது, இரண்டு மணி நேரம். படுக்கையில் ஒருவர் இருக்கிற வீட்டில், பார்த்துக்கொள்கிறவர் கோவிலுக்கோ பல் டாக்டரிடமோ போக வேண்டுமென்றால் வழியில்லை. வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்திருக்க நம்மில் எட்டுப் பேர் பெயர் கொடுத்தால் போதும். மருந்து கொடுக்க வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம், பேச்சுத்துணையாக இருந்து, ஏதாவது என்றால் போன் செய்தால் போதும்.

மூன்றாவது, வாசலில் ஒரு மின்விசிறியும் இரண்டு நாற்காலியும். ஷிப்ட் மாறும்போது நம் வீடுகளுக்கு வரும் நர்சுகளும் உதவியாளர்களும் இப்போது கார் நிறுத்துமிடத்தில் சுவரோரம் நிற்கிறார்கள். லிஃப்டை அவர்கள் உபயோகிப்பது பற்றிப் போன வருடம் ஒரு புகார் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் புகாரைத் திரும்பப் பெறும்படி இந்த இதழ் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் எழுதலாம். ஜூலை 30ஆம் தேதி காலை நோட்டு அங்கே இருக்கும். முதல் வரியில் என் பெயரையும் எங்கள் வீட்டுக் காற்றுப் படுக்கையையும் எழுதி வைத்திருப்பேன்.